ஆற்றுவாயை எப்போது வெட்டுவது?

ஐப்பசி மழை பிடித்து இரண்டு கிழமை போனால் பழுகாமத்துத் தேத்தண்ணிக் கடைகளில் பேச்சு வாவியைப் பற்றியதாகிவிடும். தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது, எந்த வட்டையில் பயிர் முங்கிவிட்டது, வெல்லாவெளி வீதியால் இன்னும் போகலாமா என்றெல்லாம் கேட்டு, கடைசியில் எல்லோரும் ஒரே கேள்விக்கு வந்து நிற்பார்கள். கல்லாற்றில் ஆற்றுவாயை எப்போது வெட்டப்போகிறார்கள்?

கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்துகிற பதில் எந்த வருடமும் கிடைத்ததில்லை.

ஊரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் நிலவியல் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு வாவி கடலோரத்தை ஒட்டி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. கிழக்கே எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மெல்லிய மணல்திட்டாக நீண்டிருக்கும் ஊர்கள். மேற்கே படுவான்கரை; வயலும் குளமும் காடுமாக விரியும் நெல் நாடு. களுவாஞ்சிக்குடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி பெரியபோரதீவு வழியாகப் போனால் பழுகாமம் வரும். போரதீவுப்பற்றுப் பிரதேசத்து ஊர். முன்பக்கம் வாவி, பின்பக்கம் வயல். மேற்கே பெய்கிற மழையும் குளங்கள் வான் பாய்கிற தண்ணீரும் வாவிக்குள்தான் இறங்கும். வாவிக்குக் கடலோடு இரண்டே வாசல்கள். வடக்கே மட்டக்களப்பு நகருக்குப் பக்கத்தில் பாலமீன்மடு, தெற்கே பெரியகல்லாறு. கோடையில் ஆற்றோட்டம் குறைய, கடல் மணலைக் கொண்டுவந்து வாசலை மூடிவிடும். மாரியில் நீர் பெருகும்போது மணல் தானாக உடைய வேண்டும்; உடையாவிட்டால் பெக்கோ கொண்டுபோய் வெட்ட வேண்டும்.

வெட்டினால் என்ன நடக்கும்? வாவியின் மட்டம் இறங்கும், வயலில் நிற்கும் தண்ணீர் வடியும். பெரும்போகத்துக்கு விதைத்த நெல், இளம்பயிராக நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தால் அழுகிப் போகும். அடகு வைத்த நகையும் உரக்கடைக் கடனும் அந்தப் பயிரோடு சேர்ந்தே கிடக்கின்றன. ஆகவே வயற்காரர் வெட்டச் சொல்வது நியாயம்.

வெட்டினால் நடப்பது இன்னொன்றும் உண்டு. வாவிக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் இறாலும் மீனும் நீரோட்டத்தோடு கடலுக்குப் போய்விடும். சின்னத் தோணியும் ஒரு வலையும் மட்டும் வைத்திருக்கும் ஒருவர் கடலுக்குள் அவற்றைத் துரத்திக்கொண்டு போக முடியாது. மழை நின்றபிறகு வாசல் திறந்தே கிடந்தால் உப்புநீர் ஏறி, கரையோரத்து வயலையும் கெடுக்கும். ஆகவே வலைக்காரர் கொஞ்சம் பொறுக்கச் சொல்வதும் நியாயம். அவர்களும் எப்போதும் வெட்டவே கூடாது என்று சொல்வதில்லை. கடல் வாசல் திறந்தால்தான் அடுத்த பருவத்துக்கு இறால் குஞ்சு உள்ளே வரும். அவர்களின் வழக்கு முழுவதும் எப்போது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதைப் பற்றியது.

நெறிமுறை பற்றிப் பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் கள்ளனையும் நல்லவனையும் எதிரெதிரே நிறுத்தித் தொடங்கும். இலஞ்சம் வாங்கலாமா, பொய் சொல்லலாமா என்று கேட்கும். அவை பதில் தெரிந்த கேள்விகள். அங்கே துணிவுதான் குறைவு, அறிவு குறைவில்லை. முகத்துவாரத்தில் நிற்கும் இரண்டு பேரில் யாருமே கெட்டவர் இல்லை. இருவர் கையிலும் நியாயம் இருக்கிறது. படுவான்கரையில் ஒரே வீட்டுக்குள் அண்ணன் வயலிலும் தம்பி தோணியிலும் இருப்பதுண்டு. அப்படியான இடத்தில்தான் ஒரு சமூகம் எதை மதிக்கிறது என்பது வெளியே தெரியவரும்.

முடிவு எடுப்பது மாவட்ட நிர்வாகம். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், அரசாங்க அதிபர் தலைமையில் நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல சேவைகள், கடற்றொழில் திணைக்களம், விவசாய அமைப்புகள், மீனவர் சங்கங்கள் எல்லாம் கூடிப் பேசுவார்கள். விவசாயி பக்கத்துப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “ஐயா, இன்னும் ரெண்டு நாள் நிண்டா பயிர் அழுகிப் போயிரும்.” மறுபக்கத்தில் ஒருவர் எழும்பி, “இப்ப வெட்டினா மாசிவரைக்கும் எங்கட வலையில என்ன இருக்கும், அதையும் சொல்லுங்க ஐயா” என்பார். பொறியியலாளரிடம் நீர்மட்டக் கணக்கு இருக்கும். அந்தக் கணக்கு அவசியமானது. எந்த மட்டத்தில் எந்த வயல் முங்கும், எந்த வீதி அறும் என்பதை அது சொல்லும். அத்தனையும் சொல்லிவிட்டு அது நின்றுவிடும். நூறு ஏக்கர் இளம்பயிரும் ஐம்பது தோணிக்காரரின் ஒரு பருவத்து உழைப்பும் எதிரெதிர்த் தட்டில் இருந்தால் எது கனம் என்று அளக்க எந்த அளவுகோலும் கிடையாது. அதை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லும்போது தங்கள் விழுமியத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

“இது முழுக்கத் தொழில்நுட்ப முடிவு” என்று ஓர் அதிகாரி சொல்லும்போது கவனமாகக் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான். அந்தச் சொல் பல நேரம் ஒரு தெரிவை மறைத்து வைக்கிறது. நெல்லுக்கு ஏக்கர் கணக்கு இருக்கிறது, காப்புறுதிச் சபை இருக்கிறது, அமைச்சு இருக்கிறது. கடலோடு போன இறாலுக்கு ஏக்கர் கிடையாது. எண்ணக்கூடிய இழப்பு கோப்பில் ஏறிவிடும். எண்ண முடியாதது வாசலிலேயே நின்றுவிடும். யாரும் வஞ்சகம் செய்யாமலே ஒரு பக்கம் தோற்றுப் போகும்.

கூட்டத்துக்கு வராதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில் இறங்கி இறால் பொறுக்கும் பெண்களுக்குச் சங்கமில்லை. நாட்கூலிக்குக் களை பிடுங்கப் போகிறவருக்கு வயலும் சொந்தமில்லை, தோணியும் சொந்தமில்லை. வெள்ளம் நின்றாலும் வேலை போகும், வடிந்தாலும் ஒரு வேளைச் சோற்றுக்கு வாவியில் மீன் குறையும். கண்ணாக் காட்டுக்கும் அதன் வேரடியில் வளரும் குஞ்சுகளுக்கும் பேசுவதற்கு ஆளே இல்லை.

இந்த இடத்தில் பழுகாமத்துத் திரௌபதை அம்மன் கோயிலை நினைக்காமல் இருக்க முடியாது. பாரதக் கதை கிழக்கிலங்கையில் கோயில் சடங்காகவே வாழ்கிறது; வனவாசமும் தீமிதிப்புமாக ஊர் கூடி அதை நடத்துகிறது. அந்தக் கதையின் நடுவில் இருப்பது ஒரு சபை. தன்னையே தோற்றுவிட்ட ஒருவனுக்கு இன்னொருவரைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்று ஒரு பெண் கேட்கிறாள். பெரியவர்கள் நிறைந்த சபை. பீஷ்மர் தர்மத்தின் நுட்பத்தைப் பேசி விலகிக்கொள்கிறார். துரியோதனன் தம்பிகளில் ஒருவனான விகர்ணன் மட்டும் எழுந்து அவள் பக்கம் பேசுகிறான்; அவனை அடக்கி உட்கார வைக்கிறார்கள்.

வாவியின் இரு கரையிலும் இன்னொரு தெய்வமும் இருக்கிறாள். செட்டிபாளையத்திலும் மகிழடித்தீவிலும் இன்னும் பல ஊர்களிலும் கண்ணகை அம்மனுக்கு வைகாசியில் கதவு திறந்து, வழக்குரை பாடி, குளிர்த்தி செய்வார்கள். விசாரிக்காமல் ஓர் உயிரை எடுத்த அரசனின் சபையில் போய்க் கேட்ட பெண் அவள். மட்டக்களப்பு நாடு இந்த இருவரையும் ஏன் இவ்வளவு நெருக்கமாக வைத்துக்கொண்டது என்பதற்கு ஆய்வாளர்கள் பல காரணம் சொல்லலாம். இரண்டு கதையிலும் தவறு நடந்தது ஒரே விதமாகத்தான் என்பதை மட்டும் இங்கே கவனிக்கலாம். முடிவால் பாதிக்கப்படப் போகிறவரை யாரும் கேட்கவில்லை. முடிவு எடுத்தாயிற்று, அதன்பிறகுதான் அவள் சபைக்குள் வருகிறாள்.

புராணத்தை விட்டு வரலாற்றுக்கு வந்தால், கேட்டுச் செய்த முடிவு எப்படி இருக்கும் என்பதற்குச் சான்று தூரத்தில் இல்லை. பழுகாமத்துக்குத் தெற்கே மண்டூர் தாண்டினால் நாவிதன்வெளி, மத்தியமுகாம். கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால்கள் ஓய்ந்து முடியும் பக்கம் அது. 1949இல் தொடங்கிய அந்தத் திட்டம் இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்தைக் கட்டி, மேலே பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகளையும் கீழே வாய்க்காலின் வால்பக்கத்தில் தமிழ் விவசாயிகளையும் ஒரே தண்ணீரில் கட்டிப்போட்டது. 1956 ஜூனில் அந்தப் பள்ளத்தாக்கில் தமிழருக்கு எதிராக நடந்த கொலைகளை இந்தப் பகுதி இன்னும் மறக்கவில்லை. அந்தக் காயத்தின் மேல்தான் வாய்க்கால் ஓடியது.

1980 வாக்கில் இடதுகரை சீர்கெட்டுக் கிடந்தது. பல ஆண்டுகளாகத் துப்புரவு செய்யாத வாய்க்கால்கள், உடைந்த மதகுகள். தலைப்பக்கத்தவர் வேண்டியதற்கு மேல் எடுத்துக்கொள்ள, வால்பக்கத்துக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதே இல்லை. நாட்டிலேயே மோசமான நீர்ப்பாசனத் திட்டங்களில் ஒன்று என்ற பெயர். அங்கே கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு முயற்சி செய்தன. கோர்னெல் பக்கத்தில் அதில் ஈடுபட்டவர் நோர்மன் அப்ஹொஃப். தமிழ்நாட்டில் ஒற்றை நாற்று முறை நெற்செய்கையைப் பற்றி வாசித்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். அதை உலகமெங்கும் கொண்டுபோனவர்களில் ஒருவர் அவர்.

செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பட்டம் பெற்ற இளைஞர்களையும் யுவதிகளையும் ஊருக்குள் தங்க வைத்தார்கள். அவர்கள் சட்டம் கொண்டுவரவில்லை, தேர்தல் நடத்தவில்லை. ஒரே வயல்வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்து, இருபது பேரைச் சந்தித்து, உங்கள் பிரச்சினை என்ன, நீங்களே என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். முதலில் சேர்ந்து வேலை, பிறகுதான் அமைப்பு. பிரதிநிதியையும் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்யாமல் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒருவராகப் பார்த்து வைத்தார்கள்.

1981 சிறுபோகத்தில் குளத்தில் கால்வாசி அளவு தண்ணீர்தான் இருந்தது. அப்படிப்பட்ட வருடத்தில் மனிதர்கள் இரவில் மண்வெட்டியோடு காவல் இருப்பார்கள் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது வேறு. அமைப்பாளர்கள் வந்து ஆறு வாரத்துக்குள், முயற்சி நடந்த பகுதியில் பத்தில் ஒன்பது விவசாயிகள் வாய்க்கால் துப்புரவு செய்வது, முறைவைத்துத் தண்ணீர் எடுப்பது, தங்களுக்குப் போதுமானதும் மதகை மூடிக் கீழே உள்ளவருக்கு விடுவது ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் இறங்கியிருந்தார்கள். கீழே இருந்தவர்களில் தமிழர்களும் அடக்கம்.

அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள்? ஆய்வாளர்கள் தரும் விளக்கத்தில் நட்பின் மொழி என்பது முக்கியமான இடத்தில் வருகிறது. வால்பக்கத்து விவசாயி அதுவரை வரைபடத்தில் ஒரு புள்ளி. முகம் தெரிந்து, வயலைக் கண்ணால் பார்த்தபிறகு, தண்ணீரை மறிப்பது அந்த முகத்துக்குச் செய்யும் காரியமாகிவிட்டது. தண்ணீரின் அளவு ஒரு சொட்டும் கூடவில்லை, முடிவு மாறியது.

1997 சிறுபோகத்தில் இன்னொரு சோதனை. பிரதான குளத்தில் நெற்செய்கைக்குப் போதுமான தண்ணீர் இல்லை என்று விவசாயிகளுக்குச் சொல்லப்பட்டது. விவசாய அமைப்புகள் கூடிப் பேசி, இருப்பதைக் கணக்காகப் பகிர்ந்து, 65,000 ஏக்கரில் வேளாண்மை செய்தன. விளைச்சல் சராசரியைவிட நன்றாகவே வந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடம் அது. அப்ஹொஃபும் இலங்கை ஆய்வாளர் விஜயரத்னவும் இதை 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். கிழக்குப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை இது. சொல்வோர் மிகக் குறைவு என்பது கவலை தருகிறது.

கல்லோயாவை அப்படியே தூக்கி முகத்துவாரத்தில் வைத்துவிட முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே எல்லோரும் விவசாயிகள், ஒரே பொருளைப் பகிர்ந்தார்கள். ஒருவர் குறைத்துக்கொண்டால் மற்றவருக்குக் கூடும். வாவியில் ஒருவருக்கு விஷமாக இருக்கும் நீர் மற்றவருக்கு உணவு. பகிர்வதற்கு நடுவழி சின்னது. கேரளத்தில் வேம்பநாட்டு ஏரியின் குறுக்கே 1976இல் திறக்கப்பட்ட தண்ணீர்முக்கம் தடுப்பணையைப் பார்த்தால் இது புரியும். குட்டநாட்டு நெல்லுக்குள் உப்புநீர் ஏறாமல் டிசம்பரில் அதன் கதவுகளை மூடுகிறார்கள். மார்ச்சில் திறக்க வேண்டும். அறுவடை பிந்தினால் திறப்பும் பிந்தும். மீனவரும் கக்கா எனும் சிப்பி அள்ளுவோரும் போராட்டத்துக்கு வருவார்கள். அரை நூற்றாண்டாக அந்தத் திகதியில் பிணக்கு தீரவில்லை. தொழில்நுட்பம் அங்கே மட்டக்களப்பைவிடப் பெரியது, கேள்வி இதேதான்.

கேட்காமல், சொல்லாமல் எடுக்கும் முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சென்னை இருக்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. கரையோரத்து மக்கள் பலர் வெள்ளம் வீட்டுக்குள் வந்தபிறகுதான் எழுந்தார்கள். யார், எப்போது, யாரைக் கேட்டு முடிவெடுத்தார் என்ற விவாதம் வருடக்கணக்காக நீண்டது. இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை அதை மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்றே சொன்னது. ஏரியைத் திறந்தது சரியா என்பது ஒரு கேள்வி. கீழே உறங்குபவனுக்குச் சொல்லாமல் திறந்தது தனிக் கேள்வி. முதலாவதுக்குப் பொறியியலாளர்கள் வாதாடலாம். இரண்டாவதுக்கு வாதமே இல்லை.

2011 ஜனவரி வெள்ளத்தை மட்டக்களப்பு மறக்காது. நாடு முழுவதும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்த ஒரு மாவட்டத்தில். பெப்ரவரியில் மறுபடியும் வெள்ளம். கதிர் முற்றி அறுவடைக்கு நின்ற நெல் தண்ணீருக்குள் முளைத்தது. அப்படியான நாளில் ஆற்றுவாயை வெட்டுவதா வேண்டாமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். உயிரும் வீடும் முன்னுக்கு வந்துவிடும்; வலைக்காரரே மண்வெட்டியோடு வருவார். கடினமானவை அந்த நாட்கள் அல்ல. கார்த்திகையில் கொஞ்சம் மழை, கொஞ்சம் வெள்ளம், தாழ்ந்த வட்டைகளில் மட்டும் பயிர் முங்கியிருக்கும் நடுத்தரமான வருடங்கள்தான் கடினம். யாருக்குத் தொலைபேசி எடுக்கத் தெரியும், யாருக்கு அரசியல்வாதியைத் தெரியும் என்பது அப்போதுதான் முடிவுக்குள் புகுந்துவிடுகிறது.

இந்தப் பதிவின் பக்கம் எது என்று கேட்டால் மறைக்க ஒன்றுமில்லை. பயிர் முங்கினால் வெட்டத்தான் வேண்டும். அழுகிய பயிர் திரும்பாது. இறால் அடுத்த பருவத்தில் திரும்பும் வாய்ப்பு உண்டு. வெட்டியதால் காப்பாற்றப்பட்ட வயல் இருக்கும்போது, வெட்டியதால் வெறுங்கையான தோணியும் இருக்கிறது என்பதைக் கச்சேரி எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும். நெல்லுக்கு வெள்ள நட்டஈடு கொடுக்கும் அரசு, நெல்லைக் காப்பாற்றுவதற்காக இன்னொருவருக்கு வரும் நட்டத்துக்கும் ஒரு வழி வைக்க வேண்டும். நூறு பேர் வாழ ஒருவர் இழக்கலாம் என்று சொல்கிறவர் இழக்கிறவரிடம் போய் அதை நேரே சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

பெரும்போகம் தொடங்குமுன் ஆரம்பக் கூட்டம் நடக்கும். 1946ஆம் ஆண்டு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின்படி அங்கே எடுக்கும் தீர்மானத்துக்குச் சட்ட வலு உண்டு. விதைப்புக்குக் கடைசித் திகதி, வாய்க்கால் துப்புரவு, கால்நடைகளை வயலிலிருந்து அகற்றும் திகதி எல்லாம் வெயில் காய்கிற நாளிலேயே பேசி எழுதப்படுகின்றன. மாட்டுக்காரரையும் வயற்காரரையும் மோதலுக்கு முன்பே ஒரே மேசையில் உட்கார வைக்கத் தெரிந்த நாடு இது. அதே மேசையில், அதே நாளில், மீனவர் சங்கங்களையும் இறால் பொறுக்கும் பெண்களையும் கூப்பிட்டு, பட்டிருப்புப் பாலத்தடியில் எந்த மட்டம் வந்தால் கல்லாற்றை வெட்டுவது, எவ்வளவு அகலத்துக்கு வெட்டுவது, எத்தனை நாள் முன்பு கரையோரத்துக்கு அறிவிப்பது என்று எழுதிவைக்கலாம். எழுதியதைக் கமநல சேவை நிலையத்திலும் மீனவர் கட்டடத்திலும் ஒட்டலாம். மழைக்கு இன்னும் சில கிழமை இருக்கும். வாவி அப்போது தாழ்ந்து, அடிச்சேறு தெரியக் கிடக்கும். யாருடைய பயிரும் முங்கியிருக்காது, யாருடைய வலையும் வெறுமையாக இருக்காது. அந்த நாளில் பேச ஒரு மணித்தியாலம் போதும்.